பிள்ளையின் விளையாட்டுக் கணினி: தனிக் கிராபிக்ஸ் கார்டு அவசியமா?



நம்மவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். அரிசியை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்ததும் அது புதிதா, பழையதா என்று சொல்லிவிடுவோம். துணியை இரு விரல்களிடையே தேய்த்துப் பார்த்து நூலின் தரத்தை அறிவோம். அத்தகைய நாம், வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கப் போகும்போது மட்டும், எதிரே நிற்பவர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து வருகிறோம். பொருளை அறியாமல் கொள்முதல் செய்பவன் நஷ்டப்படுவான் என்பது நமக்குத் தெரியாததன்று. இதை எழுதும் நானும் அவ்வாறு நஷ்டப்பட்டவனே. அந்த நஷ்டத்தில் கற்றதையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்த வாரம். என் மகன் பல பெருநாட்களாகப் பச்சை உறைகளில் கிடைத்த வெள்ளியைச் சேர்த்து வைத்திருந்தான். அதை என் கையில் கொடுத்து, "அத்தா, மீதியை நீங்கள் போட்டு ஒரு கணினி வாங்கித் தாருங்கள். படிக்கவும் வேண்டும், விளையாடவும் வேண்டும்" என்றான். ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எழுதிக் காட்டிய விலைச்சீட்டில் 8 ஜிபி ரேம் இரண்டு துண்டுகள் இருந்தன. நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். "ஒன்று போதும், மற்றதை எடுத்துவிட்டு விலையைக் குறையுங்கள்" என்றேன். அவர் மறுவார்த்தை பேசாமல் குறைத்துக் கொடுத்தார். பேரத்தில் வென்ற பெருமையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

விளையாட்டு ஓடவில்லை; தத்தித் தத்தி நடந்தது. மகன் சொன்னான். மீண்டும் அதே கடைக்குப் போனேன். "தனிக் கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். இருப்பதிலேயே விலை குறைந்த கார்டு ஒன்றை வாங்கிப் போட்டேன். முன்னிலும் மோசமாயிற்று. "எவ்வளவு செய்தாலும் திருப்தியில்லாத பிள்ளை" என்று அவன் தாயார் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவன் பதில் பேசவில்லை. சில நாட்களில் கணினியைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

எங்கள் பள்ளிவாசலுக்குத் தொழ வரும் ஓர் இளைஞர் கணினி பழுது பார்ப்பவர். அவர் ஒருநாள் வீட்டிற்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் பேரம் பேசிக் குறைத்த அந்த ரேம் துண்டை வாங்கி வரச் செய்து பொருத்தினார். நொடிக்கு 20 படங்கள் என்று தடுமாறிக் கொண்டிருந்த விளையாட்டு 50ஐ எட்டியது. குற்றம் பிள்ளையிடம் இல்லை; என் பேரத்திலும், நான் அறியாமல் வாங்கிய கார்டிலும் இருந்தது.

"விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். விளையாட்டை அனுமதிப்பதும், அதற்கு நேரம் குறிப்பதும் அவரவர் வீட்டுப் பொறுப்பு. ஆனால் வாங்குவது என்று முடிவு செய்த பின், பயனற்றதற்குப் பணம் கொடுப்பது வீண் விரயம். பயனுள்ளதை வெட்டிவிடுவது கருமித்தனம். என் ஒரே கொள்முதலில் இவ்விரண்டும் இருந்தன. மார்க்கம் நமக்குச் சொல்வது இரண்டிற்கும் நடுவான வழியை அல்லவா? அந்த நடுவழியைக் காண, பொருளை அறிய வேண்டும்.

கிராபிக்ஸ் என்பது யாது?

கணினித் திரையில் பொதுவாக அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என்று புள்ளிகள் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்துக்கும் மேல். அசைவு சீராகத் தெரிய நொடிக்கு 60 படங்கள் வேண்டும். அஃதாவது, ஒரு நொடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதியே கிராபிக்ஸ்.

இது இரு வகைப்படும். முதலாவது, பிராசசர் என்னும் மூளைச் சில்லுக்குள்ளேயே அமைந்திருப்பது. கடையில் இதை இன்டிகிரேட்டட் என்பார்கள். நாம் உள்ளமைந்த கிராபிக்ஸ் என்போம். முற்காலத்தில் இது மதர்போர்டில் இருந்தது. 2011ஆம் ஆண்டில் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் இதைப் பிராசசர் சில்லிலேயே சேர்த்து வெளியிட்டன. இரண்டாவது, தனியாக வாங்கி மதர்போர்டில் சொருகும் கார்டு. இதற்குச் சொந்தச் சில்லும், சொந்த நினைவகமும், விசிறியும் உண்டு.

கிடங்கும் வாசலும்

வித்தியாசத்தை நம் தொழிலிலேயே வைத்துப் பார்ப்போம். ஒரே கிடங்கை இரண்டு கடைகள் பங்கு போட்டுக் கொள்வதாக எண்ணுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸின் நிலை அதுவே. அதற்கென்று சொந்தக் கிடங்கு கிடையாது. பிராசசர் பயன்படுத்தும் ரேமிலேயே அதுவும் சரக்கு வைத்து எடுக்க வேண்டும். 8 ஜிபி ரேமில் 2 ஜிபியைக் கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டால், மற்ற எல்லாவற்றிற்கும் 6 ஜிபிதான் மிஞ்சும். தனிக் கார்டோ தன் கிடங்கைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது.

கிடங்கின் பரப்பு மட்டும் முக்கியமன்று. வாசலின் அகலமும் முக்கியம். கிடங்கு பெரிதாக இருந்தும் ஒரு மூட்டை மட்டும் நுழையும் வாசல் இருந்தால் வியாபாரம் நடக்குமா? டிடிஆர்4 3200 என்னும் ரேம் ஒரு துண்டு மட்டும் இருந்தால், நொடிக்கு 25.6 ஜிகாபைட் சரக்கு வந்து போகலாம். அதே ரேமை இரண்டு துண்டுகளாக உரிய இடங்களில் பொருத்தினால் இரு வாசல்கள் திறக்கின்றன, 51.2 ஜிகாபைட் ஆகிறது. ஆகவே 16 ஜிபி வாங்குவோர், 16இல் ஒரு துண்டாக வாங்காமல் 8இல் இரண்டு துண்டுகளாக வாங்க வேண்டும். நான் வெட்டியது வெறும் ரேம் அன்று, ஒரு வாசலையே அடைத்துவிட்டேன்.

தனிக் கார்டின் வாசல் இன்னும் அகலம். 2019இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு நொடிக்கு 128 ஜிகாபைட். 2021இல் வெளிவந்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 224 ஜிகாபைட். உள்ளே கணக்குப் போடும் ஆட்களிலும் வேறுபாடு உண்டு. ரைசன் 5 5600ஜி பிராசசரின் கிராபிக்ஸில் 448 சிறு கணக்கர்கள் என்றால், ஆர்எக்ஸ் 6600இல் 1,792 பேர். சரியாக நான்கு மடங்கு.

பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

பிராசசர் பெயரின் இறுதியில் வரும் ஆங்கில எழுத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். இன்டெல் பிராசசரில் 'எஃப்' என்று முடிந்தால், கோர் ஐ5 12400எஃப் போல, அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. 'எஃப்' இல்லாத பெரும்பாலான இன்டெல் பிராசசர்களில் கிராபிக்ஸ் உண்டு. கடைக்கணக்கு, படிப்பு, காணொளி ஆகியவற்றுக்கு அது தாராளம், விளையாட்டுக்கு எளியதே.

ஏஎம்டி ரைசனில் 'ஜி' என்று முடிந்தால், விளையாட்டுக்கும் ஓரளவு உதவும் கிராபிக்ஸ் உள்ளே இருக்கிறது என்று பொருள். 2018இல் வந்த 2200ஜி, 2400ஜி, 2021இல் கடைகளுக்கு வந்த 5600ஜி, 2024 ஜனவரியில் வந்த 8600ஜி, 8700ஜி ஆகியவை இவ்வினத்தவை. 2022இல் தொடங்கிய ரைசன் 7000 மேசைக்கணினி வரிசையின் பெரும்பாலானவற்றிலும் சிறு கிராபிக்ஸ் உண்டு. அது திரையில் படம் காட்டுவதற்கே அன்றி விளையாட்டுக்கு அன்று.

எந்த விளையாட்டு?

"எந்தக் கார்டு நல்லது?" என்று கடையில் கேட்பதற்கு முன், "எந்த விளையாட்டு?" என்று வீட்டில் கேட்க வேண்டும். வாடிக்கையாளரை அறியாமல் சரக்கு பிடிப்பவன் உண்டா?

முதல் வகை, எளியவை. ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், டோட்டா 2, 2020இல் வந்த வலோரன்ட் போன்றவை. இவற்றுக்கு 5600ஜி போன்ற பிராசசரும் இரண்டு துண்டு ரேமும் போதும். கார்டு வாங்குவது அநாவசியம்.

இரண்டாம் வகை, நடுத்தரமானவை. ஃபோர்ட்நைட், 2023இல் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2, கணினிக்கு 2015இல் வந்த ஜிடிஏ 5 போன்றவை. படத்தின் நேர்த்தியைக் குறைத்து வைத்தால் உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே விளையாடலாம். ஜிடிஏ 5 வயது வந்தவர்களுக்கென்று மதிப்பிடப்பட்டது. பிள்ளையின் வயதையும் பெற்றோர் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகை, கனமானவை. 2020இல் வந்த சைபர்பங்க் 2077, 2022இல் வந்த எல்டன் ரிங் போன்றவை. சீராக விளையாட வேண்டுமானால் தனிக் கார்டு வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டோ, ரே டிரேசிங் என்னும் ஒளிக்கணக்கைச் செய்யும் பகுதி இல்லாத கார்டுகளில் ஓடாது என்றே வெளிவந்தது. ஆர்எக்ஸ் 6600இல் அது உண்டு. ஜிடிஎக்ஸ் 1650இல் இல்லை.

திரையையும் மறக்க வேண்டாம். வீட்டிலிருப்பது நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரையாயின், 150 படங்கள் தயாரிக்கும் கார்டு வாங்கினாலும் கண்ணுக்குக் கிடைப்பது 60தான்.

நடுவில் உள்ள பள்ளம்

நான் விழுந்த பள்ளம் இதுவே. உள்ளமைந்த கிராபிக்ஸ் போதாது என்று தோன்றியதும், "ஏதாவது ஒரு கார்டு இருந்தால் தேவலை" என்று மலிவான கார்டை வாங்குகிறோம். ஜிடி 1030 என்னும் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்தபோது அதன் வாசல் நொடிக்கு 48 ஜிகாபைட். 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் வைத்த இன்னொன்று வந்தது. அதன் வாசல் ஏறத்தாழ 17 ஜிகாபைட் மட்டுமே. முதலாவதே 5600ஜியின் உள்ளமைந்த கிராபிக்ஸோடு ஏறத்தாழச் சமம். இரண்டாவது அதனினும் வெகு கீழ். நான் வாங்கியது இரண்டாவது. ஒரே பெயரில் இரண்டு தரச் சரக்கு விற்பது நம் சந்தைக்குப் புதிதன்று. ஆனால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கியது நான்தான்.

2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டிலும் ஒரு விஷயம் அறிய வேண்டும். அது மதர்போர்டோடு பேசும் பாதை குறுகியது. பிசிஐஇ 3.0 என்னும் பழைய இணைப்புள்ள கணினியில் போட்டால் பல விளையாட்டுகளில் வேகம் நன்றாகவே குறையும். 5600ஜி பிராசசரும் பிசிஐஇ 3.0 வகையே. ஆகவே கார்டையும் கணினியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் விதி இது: இப்போதிருக்கும் உள்ளமைந்த கிராபிக்ஸைப் போல் இரு மடங்கு வேகமாவது தராத கார்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பணம் போதாவிட்டால், போதும் காலம்வரை பொறுத்திருப்பதே இலாபம்.

மேல் பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. 8700ஜியின் கிராபிக்ஸ் ஜிடிஎக்ஸ் 1650 கார்டை நெருங்கும் திறமுடையது. ஆனால் வெளிவந்தபோது அதன் விலை 329 அமெரிக்க டாலர். அதற்கு டிடிஆர்5 ரேமும் வேண்டும். அவ்வளவு செலவழிக்கத் துணிந்தவர், எளிய பிராசசரும் ஒரு நல்ல தனிக் கார்டும் சேர்ந்து என்ன விலையாகின்றன என்பதையும் எழுதி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரேம் விலையையும் அன்றன்றே கேட்க வேண்டும். 2025 இறுதியில் அது உலகெங்கும் கடுமையாக ஏறியதைக் கண்டோம்.

விலைச்சீட்டில் வராத செலவுகள்

கார்டு வாங்கினால் அதோடு செலவு முடிவதில்லை. மதர்போர்டின் சொருகுமிடம் கார்டுக்கு 75 வாட் மின்சாரம் மட்டுமே தரும். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட் வேண்டும். ஆதலால் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். அதற்கு 450 வாட் பவர் சப்ளை வேண்டுமென்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். பெயர் தெரியாத மலிவுப் பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க நினைப்பது, கடைக்குப் பூட்டு வாங்குவதில் மிச்சம் பிடிப்பதைப் போன்றது.

கார்டு கூடுதலாக 100 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணி நேரம் விளையாடினால் மாதம் 9 யூனிட். உங்கள் மின்கட்டணச் சீட்டில் உள்ள விலையால் பெருக்கிக் கொள்ளுங்கள். பயப்படும் தொகை அன்று, ஆயினும் கணக்கில் வர வேண்டியதே. நம் நாட்டு வெப்பத்தில் பெட்டிக்குள் காற்றோட்டமும், அவ்வப்போது தூசு தட்டுவதும் அவசியம்.

கடையில் உபயோகித்த பழைய அலுவலகக் கணினியில் கார்டு போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் மெல்லிய பெட்டியானால் குட்டைக் கார்டுதான் நுழையும். தனி மின்கம்பி வேண்டாத 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதை உறுதி செய்த பின்னரே அதன்மேல் பணம் போடுங்கள். மடிக்கணினி வாங்குவோர் ஒன்றை நினைவிற்கொள்க: அதன் உள்ளே பிற்காலத்தில் கார்டு சேர்க்க இயலாது.

பழைய கார்டு வாங்குவோருக்கும் விற்போருக்கும்

ஈதர் என்னும் மின்காசை உண்டாக்குவதற்காக ஆயிரக்கணக்கான கார்டுகள் இரவு பகலாக ஓட்டப்பட்டன. 2022 செப்டம்பரில் அந்த முறையே மாற்றப்பட்டதும், அக்கார்டுகள் பழைய சரக்குச் சந்தைக்கு வந்து குவிந்தன. ஓடிய கார்டு எல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. விசிறி தேய்ந்திருக்கலாம், வெப்பம் கடத்தும் பசை காய்ந்திருக்கலாம். அரை மணி நேரமாவது விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லி, பார்த்த பின் வாங்குங்கள்.

விற்பவர் நம்மவரானால் அவருக்கும் ஒரு வார்த்தை. ஈரத் தானியத்தை அடியிலும் உலர்ந்ததை மேலும் வைத்த வியாபாரியின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த செய்தியை மதரஸாவில் ஓதிய பிள்ளைகளும் அறிவார்கள். கார்டு எங்கே ஓடியது என்பதைச் சொல்லி விற்பதே நமக்குரிய வழி. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமும் இதை ஒட்டியதே. கடைக்காரர் விற்ற பொருளில் 6 மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பழைய பொருளுக்கும் இது பொருந்தும்.

சுருக்கம்

சிம் லிம் ஸ்குவேருக்கோ, கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கோ போகுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

1. பிள்ளை விளையாடுவது எது? திரை எத்தகையது?
2. எளிய விளையாட்டே என்றால், 'ஜி' வகைப் பிராசசரும், 8 ஜிபி ரேம் இரண்டு துண்டுகளும். கார்டு வேண்டாம்.
3. கனமான விளையாட்டு என்றால், 8 ஜிபி நினைவகமுள்ள நல்ல தனிக் கார்டும், அதற்கேற்ற பவர் சப்ளையும். அப்போது 'ஜி' வகைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 5600ஜியைவிட 5600இல் உள் நினைவு இரு மடங்கு. நல்ல கார்டோடு அதுவே வேகமானது.
4. இப்போது பணம் போதாது, பின்னர் வாங்குவோம் என்றால், 'ஜி' வகையில் தொடங்கி, கார்டுக்கு இடமுள்ள பெட்டியும் தரமான பவர் சப்ளையும் முதலிலேயே வாங்கி வையுங்கள்.
5. பேரம் பேசுவதானால் பெட்டியின் வண்ண விளக்கிலும் கண்ணாடிக் கதவிலும் பேசுங்கள். இரண்டாவது ரேம் துண்டில் பேசாதீர்கள்.
6. கார்டு போட்ட பின், திரையின் கம்பியைக் கார்டில் சொருக வேண்டும். பழைய வழக்கப்படி மதர்போர்டில் சொருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுபோனவர்கள் பலர்.

அந்த இளைஞர் கணினியைச் சரிசெய்து சென்ற இரவு, இஷா தொழுகைக்குப் பின் மகனை அழைத்து, "தவறு என்னுடையது, உன்னைக் கடிந்ததும் தவறு" என்று சொன்னேன். கடையில் கணக்குப் பிசகினால் வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். வீட்டில் பிசகினால் மட்டும் ஏன் தயங்குகிறோம் என்று அன்று எனக்குத் தோன்றியது. அவன் சிரித்துக்கொண்டே, "அந்தக் கார்டை என்ன செய்யலாம், அத்தா?" என்று கேட்டான். அது இன்றும் என் கல்லாப்பெட்டி மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. அறியாமல் எதையாவது வாங்கத் தோன்றும்போது அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.